கேளுங்க, சொல்றேன்: பாலில்லாத சீஸ்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பால் விட்டாச்சு, தயிர் விட்டாச்சு, நெய்கூட விட்டாச்சு, இந்த சீஸ் ஒண்ணு மட்டும் விட முடியலங்கறாங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரத்துக்கு எடுத்து வச்சிட்டு முழு இடத்தையும் இதுக்கே கொடுத்துட்டேன்.

கேள்வி: நான் வீகனா, அதாவது பால் உட்பட விலங்குல இருந்து வர்ற எதையும் சாப்பிடாதவளா, மாறி மூணு மாசம் ஆச்சு மேடம். போன வாரம் சூப்பர் மார்க்கெட்ல பச்சைப் புள்ளி போட்ட சீஸ் ஸ்லைஸ் பாத்தேன், வெஜிடபிள் ஆயில்ல செஞ்சதுன்னு வேற இருந்துச்சு, சந்தோஷமா வாங்கிட்டு வந்து நாலு நாள் சாப்பிட்டேன். அப்புறம் என் தம்பி பாக்கெட்டைத் திருப்பிப் பாத்துட்டு இதுல பால் இருக்கேக்கான்னு சொன்னான். அழுகையே வந்துடுச்சு. எப்படிப் பாத்து வாங்குறது? (வாசகி, கோவை)

பதில்: முதல்ல அழாதீங்கம்மா. தெரியாம சாப்பிட்டதுக்காக மூணு மாசம் நீங்க பண்ணது ஒண்ணும் வீணாப் போயிடல. எனக்கும் இதே நடந்திருக்கு. வீகனா மாறின முதல் வருஷம் ஒரு சின்ன கடையில "எங்ககிட்ட பாலில்லாத பீட்சா இருக்கு"ன்னு சொன்னாங்க, நானும் ரெண்டு மூணு தடவை போய் சாப்பிட்டேன், ஒருநாள் சும்மா ஒரு ஆசையில அந்த சீஸ் பாக்கெட்டைக் காட்டுங்கன்னு கேட்டேன், பின்னாடி கேசீன்னு, அதாவது பால் புரதம்னு, எழுதியிருந்துச்சு. கடைக்காரர் பொய் சொல்லல, பாவம் அவருக்கும் கேசீன்னா என்னன்னு தெரியல.

பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் சைவம், அவ்வளவுதான். நம்ம நாட்டுல பால் சைவக் கணக்குல வர்றதால பால், நெய், சீஸ் எல்லாத்துலயும் அந்தப் புள்ளி இருக்கும். வீகனுக்குன்னு தனி முத்திரை வந்தது 2022ல, நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வீகன் உணவுக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தப்போ. பச்சை நிறத்துல ஒரு வி எழுத்து, அதுல சின்னதா ஒரு இலை. நீங்க தேட வேண்டியது அதைத்தான்.

இன்னொரு பெரிய குழப்பம் "அனலாக்"ங்கற வார்த்தை. அனலாக் சீஸ், அனலாக் பன்னீர்னு பாத்ததும் ஓ இது மாற்று போலன்னு நினைச்சு எடுத்துடறோம். உண்மையில அது பால்கொழுப்பை எடுத்துட்டு அந்த இடத்துல பாமாயில் மாதிரி தாவர எண்ணெய் சேர்த்து விலை குறைச்சு செய்யறது. பால் பவுடரோ கேசீனோ உள்ள அப்படியேதான் இருக்கும். நீங்க வாங்குனது அந்த ரகமாத்தான் இருக்கும்னு தோணுது, வெஜிடபிள் ஆயில்னு போட்டிருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல.

அதனால பாக்கெட்டைத் திருப்புங்க, பொடி எழுத்தைப் படிங்க, கண்ணாடி வேணும்னா போட்டுக்கங்க. மில்க் சாலிட்ஸ், ஸ்கிம்டு மில்க் பவுடர், வே, கேசீன், சோடியம் கேசினேட், கால்சியம் கேசினேட், பட்டர் ஆயில் இதுல எது இருந்தாலும் அது பால்தான். "லாக்டோஸ் ஃப்ரீ"ன்னு போட்டிருந்தாலும் பால்தான், லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரையை மட்டும் என்சைம் போட்டு உடைச்சிருப்பாங்க, மாடு மாடுதான். ஆனா லாக்டிக் ஆசிட்னு பாத்து பயந்துடாதீங்க, பேருதான் அப்படி, பெரும்பாலும் சர்க்கரையைப் புளிக்க வச்சு எடுக்கறது. படிக்கவே நேரம் இல்லன்னா கடைசியில அலர்ஜி பத்தி ஒரு வரி இருக்கும், "கன்டெய்ன்ஸ் மில்க்"னு, அதை மட்டுமாவது பாருங்க.

ஆன்லைன்ல தேடும்போது சீஸ்னு மட்டும் போட்டுத் தேடாதீங்க. பாலில்லாத பொருளுக்கு பால், சீஸ், பன்னீர்னு பேர் வைக்கக் கூடாதுங்கறது இங்க விதி. 2021 செப்டம்பர்ல ஆன்லைன் கடைகளுக்கே அப்படிப்பட்ட பேர்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போச்சு. அதனால நல்ல பொருளெல்லாம் பிளான்ட் பேஸ்டு ஸ்லைஸ், வீகன் ஷ்ரெட்ஸ், காஜு பிளாக்னு ஏதேதோ பேர்ல ஒளிஞ்சு கிடக்கு.

இன்னும் ஒண்ணு சொல்லணும். வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு சீஸ் எதுக்கு வேணும்னு யோசிங்க. ரொட்டியில தடவவா, பீட்சாவுல உருகவா, குழம்புல துண்டு துண்டா மிதக்கவா, மேல உதிர்த்துத் தூவவா? மாட்டுப்பால் சீஸ் இதெல்லாத்தையும் ஓரளவு செஞ்சுடும், செடியில இருந்து வர்ற எதுவும் ஒரே ஆளா எல்லா வேலையும் செய்யாது. ஒரு பாக்கெட் வாங்கி எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டு வீகன் சீஸே நல்லா இல்லன்னு நிறைய பேர் திரும்பிப் போயிடறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

கேள்வி: அக்கா, ஹாஸ்டல் ரூம்ல ஒரு குட்டி ஓடிஜி, அதான் கரண்ட் ஓவன், இருக்கு. காசு சேத்து ஒரு வீகன் பிளாக் வாங்கி பீட்சா பண்ணேன். உருகவே இல்ல, மேல எண்ணெய் மட்டும் வேர்த்து நிக்குது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கறானுங்க. என்ன தப்பு பண்ணேன்? (வாசகர், மதுரை)

பதில்: நீ ஒரு தப்பும் பண்ணல தம்பி. பால்ல இருக்கற புரதத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் கேசீன். அது கால்சியத்தோட சேந்து ஒரு வலை மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும், சூடு பட்டா அந்தப் பின்னல் தளர்ந்து அப்படியே வழியும். மொசரெல்லாவை வேற சுடுதண்ணியில போட்டு இழுத்து இழுத்துப் பிசைவாங்க, அதனாலதான் அந்த நூல் நூலா வர்றது. எந்தச் செடியிலயும் கேசீன் கிடையாது. அதனால கம்பெனிக்காரங்க பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும் சேத்து கெட்டியாக்கறாங்க. சூடு பட்டதும் எண்ணெய் முதல்ல வெளிய வந்துடும், ஸ்டார்ச் அங்கயே உக்காந்துக்கும், நீ பாத்த வேர்வை அதுதான்.

இருக்கற பிளாக்கைத் தூக்கிப் போடாத. துண்டா வைக்காம ரொம்பப் பொடியா துருவு, சாஸுக்கு மேல மெல்லிசா பரப்பு, மேல ரெண்டு சொட்டு தண்ணி தெளி, ஃபாயில் போட்டு மூடி சூடு பண்ணு, கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் திற. ஓடிஜியோட உலர்ந்த சூட்டுல இந்த சீஸ் காஞ்சுடும், ஆவி பட்டாத்தான் இளகும்.

ஆனா அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, செலவும் கம்மி. அரை கப் முந்திரியை சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊற வை. முழு முந்திரி வேண்டாம், உடைசல் போதும், அரைக்கத்தானே போறோம், பண்ருட்டி பக்கம் யாராவது போனா அங்கேயே வாங்கிட்டு வரச் சொல்லு. ஊறினதும் தண்ணிய வடிச்சுட்டு, ஒண்ணேகால் கப் புதுத்தண்ணி, நாலு டேபிள்ஸ்பூன் மரவள்ளி ஸ்டார்ச், ஒரு டேபிள்ஸ்பூன் நியூட்ரிஷனல் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் எலுமிச்சை சாறு, முக்கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சின்னப் பல்லு பூண்டு எல்லாம் போட்டு மிக்ஸியில நைஸா அரை. விரல்ல எடுத்துத் தேச்சா திப்பி தட்டக் கூடாது. அப்புறம் நான்ஸ்டிக் கடாயில ஊத்தி சிம்மை விட கொஞ்சம் கூட வச்சு விடாம கிளறு. ரெண்டு நிமிஷத்துல கட்டி கட்டியா திரளும், ஐயையோ கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் அங்கதான் அடுப்பை அணைச்சிடுவாங்க, அணைக்காத, இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் கிளறுனா திடீர்னு பளபளன்னு ஒண்ணு சேந்து கரண்டியோட இழுபடும். சூடா ஸ்பூன்ல எடுத்து பீட்சா மேல அங்கங்க வச்சு ஓடிஜிக்குள்ள தள்ளு. ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டு இழுத்துக் காட்டு.

அந்த இழுவைக்குக் காரணம் மரவள்ளி ஸ்டார்ச்தான். சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஃபேக்டரிகள்ல ஜவ்வரிசி பண்றாங்கல்ல, அதே ஸ்டார்ச். கடையில கேக்கும்போது கிழங்கு மாவு கொடுத்துடுவாங்க, அது நார் சேந்தது, இழுபடாது. சோளமாவும் வேண்டாம், அது அல்வா மாதிரி கெட்டிப்படும், நீளாது.

நியூட்ரிஷனல் ஈஸ்ட்னா பிரட்டுக்குப் போடற ஈஸ்ட் இல்ல. அதே ஜாதி உயிர்தான், ஆனா சூடு பண்ணி செயலிழக்க வச்ச மஞ்சள் நிற செதில், சீஸோட அந்த உப்புக் கலந்த ஆழமான ருசி இதுல இருந்துதான் வரும். அர்பன் பிளாட்டர் மாதிரி கம்பெனிகள் ஆன்லைன்ல விக்கறாங்க. விலை கூடத்தான், ஆனா ஸ்பூன் கணக்குல போடறதால ஒரு டப்பா மாசக்கணக்குல வரும். அதுவும் முடியலன்னா நான் பண்றதைச் சொல்றேன். வெளிநாட்டுல முளைகட்டின தானியத்தை ஊற வச்சுப் புளிச்ச தண்ணிய முந்திரி விழுதுல சேத்துப் புளிக்க வைப்பாங்க. நான் அதுக்குப் பதிலா நம்ம பழைய சோத்துத் தண்ணிய ரெண்டு ஸ்பூன் ஊத்தறேன். மூடி வச்சா நம்ம ஊரு வெயிலுக்கு எட்டு மணி நேரத்துல லேசா புளிச்ச வாசம் வந்துடும், உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடணும், நாலஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணிடணும். ரோஸ் கலரோ கறுப்போ பூத்திருந்தா யோசிக்காம கொட்டிடு.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயசு. பால் அலர்ஜி. ஸ்கூல்ல பிறந்தநாள்னா பீட்சாதான் கொடுக்கறாங்க, இவன் மட்டும் தனியா உக்காந்திருக்கான். வீகன் சீஸ் வாங்கிக் கொடுக்கலாமா? முந்திரியும் அவனுக்கு ஒத்துக்காது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அந்தக் குழந்தை முகம்தான் மனசுல இருந்துச்சு. ஆனா உங்களுக்கு நான் கோவை வாசகிக்குச் சொன்ன மாதிரி சொல்ல முடியாது. அவங்க தெரியாம சாப்பிட்டா மனசு கஷ்டம், உங்க பையன் தெரியாம சாப்பிட்டா உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தப் புது பொருளையும் கொடுக்கறதுக்கு முன்னாடி அவனைப் பாக்கற டாக்டர்கிட்ட பாக்கெட்டையே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.

அலர்ஜிங்கறது பால் புரதத்தை உடம்பு எதிரின்னு நினைச்சு சண்டை போடறது, லாக்டோஸ் ஒத்துக்காம வயிறு உப்பறது வேற. அதனால லாக்டோஸ் ஃப்ரீ உங்களுக்கு ஆகவே ஆகாது. வீகன் முத்திரை இருந்தாலும் "மே கன்டெய்ன் மில்க்"னு இருக்கான்னு பாருங்க, பால் ஓடற அதே மெஷின்ல இதையும் பண்ணியிருப்பாங்க. இப்போ மாடே இல்லாம நுண்ணுயிரை வச்சு பால் புரதம் செய்யறதும் வந்திருக்கு, "அனிமல் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கும், மாடு இல்லன்னாலும் அது அதே பால் புரதம்தான், உங்க பையனுக்கு அலர்ஜி வரும். முந்திரி ஆகாதுன்னா வீகன் சீஸ்ல பாதி ரகம் அங்கயே அடிபட்டுப் போச்சு, ஏன்னா நம்ம ஊர்ல நிறைய முந்திரியில செய்யறதுதான்.

கடலை மாவு அவனுக்கு ஒத்துக்கும்னா ஒரு பண்டம் சொல்றேன். பர்மாவுல ஷான் மக்கள் கடலை மாவுலயே பன்னீர் மாதிரி டோஃபு பண்ணுவாங்க, சோயா கிடையாது, முந்திரி பாதாம் மாதிரி கொட்டையும் கிடையாது. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க அத்தோ நூடுல்ஸ் விக்கறாங்கல்ல, அந்த ஊரு சாப்பாடுதான் இதுவும். ஒரு கப் கடலை மாவை ஒரு கப் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுக்கங்க. இன்னொரு ரெண்டு கப் தண்ணிய உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொதிக்க விட்டு, கரைச்சதை ஊத்திக்கிட்டே கிளறுங்க. எட்டு நிமிஷம் பச்சை வாசம் போற வரைக்கும் கிளறணும், கை வலிக்கும். எண்ணெய் தடவின தட்டுல கொட்டி ரெண்டு மணி நேரம் விட்டா வெட்டற பதத்துக்கு வந்துடும். சின்னச் சின்னத் துண்டா வெட்டி தோசைக்கல்லுல முறுவலா எடுத்தா பன்னீர் டிக்கா மாதிரியே குச்சியில குத்திக் கொடுக்கலாம். இது உருகாது, உருகற சீஸ் வேணும்னா மதுரை தம்பிக்குச் சொன்ன முறையில முந்திரிக்குப் பதிலா தோலுரிச்ச சூரியகாந்தி விதையைப் போடுங்க, அதுவும் டாக்டர் சரின்னு சொன்னாத்தான்.

முடிஞ்சா ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசி பிறந்தநாளுக்கு முதல் நாளே சொல்லச் சொல்லுங்க. அவன் டப்பாவுலயும் அன்னைக்கு ஒரு குட்டி பீட்சா இருக்கட்டும், முடிஞ்சா பக்கத்துல உக்காரற பிள்ளைக்கும் சேத்து ரெண்டா வைங்க.

கேள்வி: இங்க டொரொண்டோவுல ஒரு அலமாரி முழுக்க வீகன் சீஸ் இருக்கு. எதை எடுக்கறதுன்னே தெரியல. உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சு தினமும் ரெண்டு ஸ்லைஸ் சாப்பிடறேன், சரியா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: உங்களுக்குக் கிடைக்கற வசதி எங்களுக்கு இல்ல. 2008ல வான்கூவர்ல ஆரம்பிச்ச டையா, கிரீஸ்ல இருந்து வர்ற வயோலைஃப்னு எல்லாம் கைக்கெட்டற தூரத்துல. எதை எடுத்தாலும் உள்ள என்ன இருக்குங்கற பட்டியல்ல முதல் மூணு வார்த்தையைப் படிங்க. தண்ணி, தேங்காய் எண்ணெய், ஸ்டார்ச்னு இருந்தா அது உருகறதுக்கு நல்லது, சத்துக்கு இல்ல. மாட்டுப்பால் செடார் சீஸ்ல 100 கிராமுக்கு ஏறக்குறைய 25 கிராம் புரதம், 700 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். தேங்காய் எண்ணெய் ரகத்துல புரதம் பூஜ்யம் இல்லன்னா ஒண்ணு, பூரிதக் கொழுப்பு மட்டும் 20 கிராம் வரைக்கும் போகும். முதல்ல முந்திரி, பாதாம், சோயான்னு இருந்தா புரதம் கொஞ்சமாவது உண்டு.

அதனால தினம் ரெண்டு ஸ்லைஸ் சாப்பாட்டுக்கு ருசிதான், பருப்புக்கு மாற்று கிடையாது. கால்சியத்துக்கு எள்ளு, கேழ்வரகு, கால்சியம் சேத்து உறைய வச்ச டோஃபு. பி12 மட்டும் எந்தச் செடியிலயும் நம்பற அளவுக்குக் கிடையாது, மாத்திரையோ பி12 சேத்த உணவோ கட்டாயம் எடுங்க. இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், வீகனா இருக்கற எல்லாரும் தயவுசெஞ்சு எடுங்க.

கேள்வி: எனக்கு 62 வயசு. பெங்களூர்ல வேலை பாக்கற என் பொண்ணு வீகனா மாறிட்டா. பொங்கலுக்கு வர்றா. சின்ன வயசுல இருந்தே பன்னீர் பட்டர் மசாலான்னா உசுரு அவளுக்கு. இப்ப என்ன செஞ்சு போடறதுன்னே தெரியாம தவிக்கறேன். மோர்க்குழம்பும் இல்லன்னா எப்படி? (வாசகி, காரைக்குடி)

பதில்: அம்மா, உங்க பொண்ணை ஏன் மாறினன்னு கேக்காம என்ன செஞ்சு போடறதுன்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா போதும்னு ஏங்கற எத்தனையோ பிள்ளைங்க எனக்கு எழுதறாங்க.

பன்னீருக்கு டோஃபுதான். கடையில வாங்குனா கெட்டியான ரகமா கேளுங்க. வீட்டுல செய்யறதா இருந்தா உங்களுக்கு ரொம்ப சுலபம், பால் திரிக்கற அதே கைதான். கால் கிலோ சோயா பீன்ஸை ராத்திரி ஊறப்போட்டு, காலையில தோலைக் கசக்கிக் கழிச்சுட்டு, ரெண்டு லிட்டர் தண்ணி அளந்து வச்சுக்கிட்டு விட்டு விட்டு அரைச்சுத் துணியில பிழிஞ்சுக்கங்க. அந்தப் பாலை பத்து நிமிஷமாவது நல்லாக் கொதிக்க விடணும், பச்சை சோயா செரிக்காது. பொங்கி வழியும், பக்கத்துலயே நில்லுங்க. அணைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு, ரெண்டு எலுமிச்சம்பழச் சாறை அரை கப் தண்ணியில கலந்து மூணு தடவையா ஊத்தி மெதுவாக் கலக்குங்க. திரிஞ்சு தண்ணி தெளிஞ்சு நிக்கும். திரியலன்னா இன்னும் அரைப் பழம். துணியில கட்டி அம்மிக் குழவியை மேல வச்சா அரை மணியில கட்டியாயிடும். சக்கையை வீசாதீங்க, அடை மாவுல கலந்துடுங்க.

டோஃபுல உப்பு ருசி ஏறாது, சப்புன்னு இருக்கு, சோயா வாடை அடிக்குதுன்னு எல்லாரும் சொல்ற குறை அதுதான். துண்டு போட்டு உப்பு கரைச்ச கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைங்க, வாடையும் போகும் உப்பும் இறங்கும். அப்புறம் கொஞ்சம் எண்ணெயில ஓரம் சிவக்கற வரைக்கும் புரட்டுங்க. வெண்ணெய்க்குப் பதிலா கடலை எண்ணெய், கிரீமுக்குப் பதிலா முந்திரி விழுது கொஞ்சம் தாராளமாவே. கடைசியில கசூரி மேத்தியை, அதான் காஞ்ச வெந்தயக்கீரையை, கையில கசக்கிப் போட்டீங்கன்னா அந்த வெண்ணெய் வாசம் இல்லாத குறை பாதி தெரியாது. ஒரே ஒரு ஜாக்கிரதை, பழக்கத்துல கை நெய் டப்பாவுக்குப் போயிடும், பொண்ணு வர்ற அன்னைக்கு அதை மேல் தட்டுல எடுத்து வச்சிடுங்க.

மோர்க்குழம்பும் உண்டு, ஏன் இல்லாம, நிலக்கடலைப் பால்ல தயிர் உறைய வச்சுக்கலாம். ஒரு கப் பச்சை நிலக்கடலையை ராத்திரி ஊற வச்சு, தோலை நீக்கி, மூணு கப் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே கொதிக்க வைங்க. கை பொறுக்கற சூட்டுக்கு ஆறினதும் பச்சை மிளகாயோட காம்பைத் தலைப்போட சேத்துக் கிள்ளி ஏழெட்டு போட்டு மூடிடுங்க. உறை மோர் வேண்டாம், அந்தக் காம்புல இருக்கற நுண்ணுயிரே புளிக்க வச்சிடும். முதல் தடவை கொஞ்சம் தளர்வா, காரல் வாசத்தோட வரும், அதுல ரெண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊத்துனீங்கன்னா நல்லா இறுகும். அதனால பொண்ணு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க, மிளகாய் வாங்கும்போது காம்பு வாடாததா பாத்து எடுங்க, அந்தத் தயிரைக் கடைஞ்சு குழம்பு வைக்கும்போது பொடிச்ச கடுகு வெந்தயம் எல்லாம் நீங்க எப்பவும் போடற மாதிரியே.